பாக்கியலெட்சுமியின் நூற்றுப் பதினெட்டு மணித்தியாலம்

2025 ஜூன் 12, வியாழன்

நாளை அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைப் பக்கம் ஒரு பஸ்ஸும் ஒழுங்காக ஓடாது என்று எங்கள் நூலகப் பொறுப்பாளர் லோகேஸ்வரன் சேர் வெள்ளிக்கிழமை வேலையை இன்றைக்கே முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு பேரும் வரிசையில் நின்று வெற்றுத்தாளில் ஒப்பம் வைப்பது. முதலில் ஒப்பம், பிறகு விஷயம். விஷயத்தை எழுதுவது நான். என் எழுத்து வடிவாம்.

இதை ஒருநாளாவது எங்கேயாவது உள்ளபடி எழுதி வைக்க வேண்டும், இந்த டயரியிலாவது. போன ஒக்டோபரில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்கள் மாநகர சபையின் ஐந்து நூலகங்களுக்கும் கொம்பியூட்டரும் இன்டர்நெட்டும் தந்தது. முதலில் ஊழியர்கள் பழக வேண்டும், பிறகு வாசகர்களுக்குப் பழக்க வேண்டும். ஊழியர்களில் யார் எத்தனை மணித்தியாலம் பாவித்தார், என்ன பார்த்தார் என்று இங்கிலிஷில் பதிவேடு எழுதி மாதாமாதம் அனுப்ப வேண்டும். அனுப்புகிறோம். ஐந்து கிளைகளிலும் எங்கள் கொட்டாஞ்சேனைக் கிளைதான் முதலிடமாம்.

அந்தக் கொம்பியூட்டர் அறைக்குள் நாங்கள் ஒருவரும் கால் வைத்ததில்லை. கதவுத் திறப்பு சேரின் காற்சட்டைப் பொக்கெட்டில். நாலு கொம்பியூட்டர் இன்னமும் பிளாஸ்டிக் உறையோடு இருக்கின்றன. ஐந்தாவதற்கு முன்னால் சேர் இருக்கிறார். மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை தேடுகிறார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அந்த ஏசிக்குள்ளேயே ஒரு நித்திரை. கேட்டால், "கண்ட கண்ட ஆக்கள் கை வைச்சா பழுதாகிப் போடும், ஐறீன். பிறகு ஆர் பதில் சொல்லுறது?"

கண்ட கண்ட ஆக்கள் நாங்கள்தான். சீ.

ஜூன் 17

ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று வந்து பழைய வினாத்தாள் ஒன்று இணையத்தில் இருக்கிறதாம், எடுத்துத் தர முடியுமா என்று கேட்டது. கழிவறைக்குப் பக்கத்துப் படியில்தான் என் போனுக்கு சிக்னல் வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கே நின்று, என் சொந்த டேட்டாவில் தேடி, அந்தப் பிள்ளையின் போனுக்கு அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சேரின் குறட்டை.

"உங்க லைப்ரரியில இன்டர்நெட் இருக்கெண்டு வாசல்ல எழுதி ஒரு போட் போட்டிருக்கே அன்ரி?" என்று கேட்டது. போட் இருக்கிறது பிள்ளை. போட் நல்ல போட்.

ஜூன் 30

மாதக் கடைசி. இன்று முழுக்கப் பதிவேடு நிரப்பினேன். நாலு நிறப் பேனை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி நேரம்.

சேர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்: "பாக்கியத்துக்குக் கொஞ்சம் கூடப் போடும். லேபர் ஆள் முன்னேறினா வெளிநாட்டுக்காரருக்கு நல்லாப் பிடிக்கும்."

பாக்கியலெட்சுமி எங்கள் தொழிலாளி. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது களனியில் ஆற்றோரம் குடியிருக்கிறாள். பத்தொன்பது வருடமாக எங்கள் நூலகத்தைக் கூட்டி, பேப்பர் கட்டி, புத்தகம் அடுக்குகிறாள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று பட்டியலைப் பார்ப்பதைவிட அவளைக் கேட்பது சுலபம். ஓ.எல். பரீட்சை பாஸ். இங்கிலிஷ் வாசிக்க மாட்டாள்.

பதிவேட்டில் அவள் வேறு ஆள். ஒக்டோபரில் மவுஸ் பிடிக்கப் பழகினாள். ஜனவரியில் முதல் மின்னஞ்சல் அனுப்பினாள். ஏப்ரலில் ஆபிரிக்க யானைகளைப் பற்றி வாசித்தாள். இந்த மாதம் மழைக் காலநிலை அறிக்கையும், கேரளச் சமையலும், யப்பானில் நூலகம் எப்படி இருக்கும் என்பதும். எழுதுகிறபோது எனக்கே ஒரு ருசி வந்துவிட்டது. அதை ஒளிப்பானேன்? அவளை வளர்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிளேன்டீ கொண்டுவந்து வைத்தவள் எட்டிப் பார்த்தாள். "அதுல என்னா எழுதுறீங்க அக்கா?"

"வரவுப் பதிவுதான் பாக்கியம்."

"ஓ." பழைய கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 8

சபையிலிருந்து சுற்றறிக்கை. அதே வெளிநாட்டு நிறுவனம் பம்பலப்பிட்டியில் மூன்று மாத வகுப்பு நடத்துகிறது. இதுவரை கொம்பியூட்டர், இன்டர்நெட் பயிற்சி பெறாத ஊழியர்களுக்கு மட்டும். கிளைக்கு ஒருவர். முடித்தால் தொழிலாளி தரத்திலிருந்து நூலக உதவியாளர் தரத்துக்கு ஏற்றுவார்கள். நாற்பத்தைந்து வயது நிறைந்தவர்களை எடுக்க மாட்டார்கள்.

பாக்கியத்துக்கு நவம்பரில் நாற்பத்தைந்து. இது போனால் அவளுக்கு இன்னொன்று இல்லை. ஓய்வு பெறும் வரைக்கும் கூட்டுகிற தும்புத்தடிதான்.

தமிழில் ஒட்டியிருந்த பிரதியை மூன்று தரம் வாசித்தாள். "அக்கா, இது நமக்குன்னே போட்ட மாதிரி இருக்குதுங்க." விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். 'முன்னர் பெற்ற பயிற்சி' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

ஜூலை 18

வந்துவிட்டது. மூன்றே மூன்று வரிக் கடிதம். பதிவேட்டின்படி இவர் ஏற்கெனவே நூற்றுப் பதினெட்டு மணித்தியாலம் பயிற்சி பெற்றவர், ஆகவே தகுதியில்லை. மேன்முறையீடு இருந்தால் ஓகஸ்ட் எட்டுக்குள்.

நான் எழுதிய நூற்றுப் பதினெட்டு. கூட்டிப் போட்டதும் நான்தான்.

சேர் அவளைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உமக்கு அது தேவையில்லையாம் பாக்கியம். நீர் நல்லாப் பழகிட்டீராம்." அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். குத்திய புத்தகத்துக்கே திரும்பவும் குத்தினேன்.

ஜூலை 24

அருவருப்பாக இருக்கிறது. கை கழுவினேன், திரும்பவும் கழுவினேன்.

பாக்கியம் பேசாமல் இருக்கவில்லை. யாரையோ பிடித்து நிறுவனத்துக்கே போன் போட்டிருக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்று. அதனால் பயிற்சி அதிகாரி ஷிஹாரா மிஸ் இன்று நேரில் வந்தா. நல்ல பிள்ளை, முப்பது வயதிருக்கும். அறை திறந்தது. எங்கள் வாழ்க்கையில் முதல்தடவையாக நாங்கள் ஆறு பேரும் உள்ளே. உறைகள் எல்லாம் கழற்றப்பட்டு, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் பூ. சேர் காலை ஆறரைக்கே வந்து செய்திருக்கிறார்.

"பயப்பட வேணாம். உங்கட மெயிலத் தொறந்து காட்டுங்க, அவ்வளவுதான்" என்றா ஷிஹாரா மிஸ்.

பாக்கியம் கதிரையில் இருக்கவே இல்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு நின்றாள். மவுஸை நகர்த்தச் சொன்னதும் அதைத் தூக்கினாள். தூக்கி, கண்ணாடித் திரைக்கு முன்னால் பிடித்தாள். எங்களோடு வேலை செய்கிற றொசானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் தெரியாது! அவளும் இன்றைக்குத்தான் அந்த மவுஸைக் கண்டாள்! தன்னைக் கேட்கவில்லை என்ற சந்தோசத்தில் சிரிக்கிறாள்.

சேர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் ஏறுதில்லை மிஸ். தோட்டத்து ஆக்கள்தானே."

தோட்டத்து ஆக்கள்தானே. இந்த மனுசன்ர வாயில புழுத்தான் விழப்போகுது.

ஷிஹாரா மிஸ் குறிப்பெடுத்தா. நான் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது: நூற்றுப் பதினெட்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் அடிப்படை இல்லை, மேலும் பயிற்சி அளிப்பதில் பயனில்லை. முந்தி அவளுக்குத் தெரியும் என்று தள்ளினார்கள். இப்போது அவளுக்கு ஏறாது என்று தள்ளுகிறார்கள். நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? ஷிஹாரா மிஸ்ஸுக்குச் சோடா வாங்கப் போனேன்.

ஜூலை 25

வெள்ளி. வெற்றுத்தாள் வந்தது. ஒப்பம் வைத்தேன். எல்லாரும் வைத்தார்கள். பாக்கியம் லீவு.

ஜூலை 28

என் கணவர் பேர்னாட்டிடம் சொன்னேன். இருபத்தாறு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிய மனுசன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு பக்கத்திலும் 'தயாரித்தவர்' எண்டு உம்மட பேர்தானே கிடக்கு?" என்றார்.

"ஓம்."

"அப்ப லோகேஸ்வரன் தப்பிடுவான். நீர்தான் மாட்டுவீர். டிசம்பரில பதவி உயர்வு வேற வருதெண்டீர். பேசாம இரும், ஐறீன்."

அவர் பயத்தில் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு கெதியாக எனக்கு அது பிடித்துப்போயிற்று! பேசாமல் இரு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி.

ஜூலை 31

சபைக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். இரண்டாவதில் 'மேலதிகாரியின் பணிப்பின் பேரில்' என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன். வாசித்தால் நான் ஒரு பேனை மாதிரியும் சேர் என்னைப் பிடித்து எழுதின மாதிரியும் இருக்கிறது. யானையையும் யப்பானையும் சேரா சொன்னார்? அதெல்லாம் என் மூளை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் பாக்கியமும் கொச்சிக்கடைக் கோயிலுக்கு வருவாள், மெழுகுதிரி கொளுத்த. இந்துவென்றால் என்ன, செவ்வாயில் அங்கே பாதிப்பேர் அப்படித்தான். வேலைக்கு முன், எட்டு மணிக்கு, வெளி மதிலோரம் மறித்தேன். ஜூன் மாதப் பதிவேட்டின் பிரதி கையில். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. நேரே வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். இந்தத் திகதி, இத்தனை மணி, இதைப் பார்த்தாய். இந்தத் திகதி, இதைப் படித்தாய்.

முதலில் சிரித்தாள். "யப்பானா? நானா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. என்னைத் தடுக்கவில்லை, கடைசி வரைக்கும் கேட்டாள். ஹார்பர் லொறி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"இதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குதுங்களா?"

"இருக்கு."

"கேக்கவே நல்லா இருக்குது." மெழுகுதிரியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். "ஒண்ணாவது காட்டியிருக்கலாமே மிஸ். உங்க போன்ல கூட."

பத்தொன்பது வருடம் அக்கா. இன்றைக்கு மிஸ்.

ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை! யாரோ ஒரு பிள்ளைக்குக் கழிவறைப் படியில் நின்று தேடிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, தேத்தண்ணி கொண்டு வருகிறவளுக்கு ஒரு யானைப் படத்தைக் காட்டத் தோன்றவில்லை. அவளை முன்னேற்றுகிறேன் என்று தாளில் எழுதிக்கொண்டே இருந்தேன். சேர் அறையைத்தான் பூட்டினார். என்ர போனை ஆர் பூட்டினது?

ஓகஸ்ட் 7

சேரிடம் முதலில் சொன்னேன், ஒளித்துச் செய்யக்கூடாது என்று. கதவைச் சாத்தச் சொன்னார். கத்தவில்லை. கெஞ்சினார்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் ஐறீன். உம்மட உயர்வுக்கு நான் எழுதோணும், தெரியும்தானே. பாக்கியத்துக்கு நான் வேற ஏதும் செய்து குடுக்கிறன். புதுத் தும்புத்தடி, யூனிபோம், என்ன வேணுமெண்டாலும்."

தும்புத்தடி என்றார். இந்த வாயால் சொன்னார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஓகஸ்ட் 8

கடைசி நாள். மூன்றாவது கடிதம் அரைப் பக்கம்தான். ஒக்டோபரிலிருந்து எங்கள் கிளைப் பதிவேட்டில் உள்ளது எல்லாம் நான் இருந்த இடத்தில் இருந்து கற்பனையில் எழுதியது, பாக்கியலெட்சுமி அந்த அறைக்குள் போனதே ஜூலை 24ஆம் திகதிதான், அவர் ஒப்பமிட்ட தாள்கள் ஒப்பமிடும்போது வெறுமையாக இருந்தன. 'பணிப்பின் பேரில்' ஒரே ஒரு தடவை. சபைக் காரியாலயத்தில் கையில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியும் வாங்கினேன்.

வெளியே வந்து தெருவோரக் கடையில் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஓகஸ்ட் 27

விசாரணை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், கதவு திறந்தேதான் இருந்தது.

சேர்: "நான் நம்பித்தான் கையெழுத்து வைச்சனான். எழுதினது முழுக்க மிஸிஸ் ஐறீன்." பொய்யென்று சொல்ல ஏலாது.

றொசானா தான் தினமும் மின்னஞ்சல் அனுப்புவதாகச் சொன்னாள். மற்ற மூன்று பேரும் அப்படியே. யாருக்கு அனுப்பினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, நான் பதிவேட்டில் எழுதிய வசனங்களே என் காதில் விழுந்தன. நன்றாகத்தான் பாடமாக்கியிருக்கிறார்கள்.

பாக்கியத்திடம் தாள்களைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டார்கள். பொய்க் கணக்குக்கு நீங்களும் உடந்தை ஆகிறீர்களே என்றும்.

"கையெழுத்து என்னுது தாங்க," என்றாள். "மேல உள்ளது என்னுது இல்லீங்க."

ஷிஹாரா மிஸ் மூலையில் இருந்தா. அந்த வசனத்தை மட்டும் தன் கொப்பியில் எழுதினா.

செப்டெம்பர் 11

முடிவு வந்தது. சேருக்கு 'மேற்பார்வையில் மேலும் கவனம் தேவை' என்று ஒரு ஆலோசனைக் கடிதம். அவ்வளவுதான். அதைக் கோப்பில் போடச் சொல்லி என்னிடமே தந்தார். எனக்கு மூன்று வருடத்துக்குப் பதவி உயர்வு இல்லை, பம்பலப்பிட்டிப் பழைய பத்திரிகைக் களஞ்சியத்துக்கு இடமாற்றம். பாக்கியத்துக்கு 'விசேட அனுமதியின் பேரில்' வகுப்பில் இடம்.

போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனேன். றொசானா கட்டிப்பிடித்தாள், அவளுடைய பவுடர் என் சட்டையில் ஒட்டிவிட்டது. பாக்கியம் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள்.

 பேர்னாட் நான் சொன்னதுதானே என்று குத்திக்காட்டவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி வாங்கி வந்தார்.

செப்டெம்பர் 15

களஞ்சியம். கரப்பான், உப்புக்காற்று, மஞ்சள் பேப்பர். ஒரு பழைய கொம்பியூட்டரும் இருக்கிறது, இன்டர்நெட்டும் இருக்கிறது. பூட்டு இல்லை. பாவிக்கத்தான் ஒருவரும் இல்லை.

ஒக்டோபர் 1

பாக்கியம் வந்து நின்றாள். வகுப்பு இங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். வாரத்துக்கு இரண்டு நாள் என்னைப் போல ஒரு நூலக உதவியாளருக்கு முன்னால் பழகி, படிவத்தில் இரண்டு பேரும் ஒப்பம் வைக்க வேண்டுமாம். எங்கள் கிளையில் அறைக் கொம்பியூட்டர் எல்லாம் 'பழுது' என்று சேர் சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு நேரமில்லை.

"உங்ககிட்ட வரணும்னு வரலைங்க மிஸ். வேற ஆள் இல்ல."

கதிரையை இழுத்துப் போட்டேன்.

ஒக்டோபர் 8, புதன்

மூன்றாவது தடவை. இன்று மவுஸ் அவள் கையில் ஒழுங்காக நின்றது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, ஹற்றனுக்கு இன்றைக்கு ரயில் உண்டா என்று பார்த்தாள். மின்னஞ்சலுக்கு இன்னும் வரவில்லை. பாஸ்வேர்ட் அடித்தால் ஏன் புள்ளி புள்ளியாக வருகிறது என்று கோபப்படுகிறாள். இடையில் கரண்ட் போனது. வரும் வரைக்கும் இருட்டில் காத்திருந்தோம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். போத்தலில் தன் தண்ணீரைக் குடித்தாள்.

போகிற நேரம் படிவத்தை நீட்டினாள். தமிழ்ப் படிவம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் திகதி போட்டு, பழகிய நேரம் ஒரு மணித்தியாலம் என்று எழுதி, என் ஒப்பத்தையும் வைத்து அவளிடம் கொடுத்தேன். வந்ததிலிருந்து போகும் வரைக்கும் ஒரு மணித்தியாலம்தானே. அவளுக்குக் கொஞ்சம் கூடக் கிடக்கட்டும் என்று ஒரு நினைப்பு.

அவள் பேனையை வாங்கவில்லை. படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டாள்.

"நாப்பது நிமிஷம் தாங்க மிஸ். இருவது நிமிஷம் கரண்ட் இல்ல."

வெட்டினேன். நாற்பது நிமிடம் என்று எழுதினேன். வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் என் சின்ன ஒப்பத்தையும் வைக்கச் சொன்னாள், வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். வைத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒருதரம் வாசித்தாள். அதன் பிறகுதான் பேனையை வாங்கினாள்.